அவள் என்னோடு இருப்பதற்கு அத்தாட்சி

2006 பிப்ரவரியில் என் வருமான வரிக் கணக்கைக் கம்ப்யூட்டரில் போட்டு அனுப்பினேன். மறுநாளே திரும்பி வந்தது. என்னைச் சார்ந்து வாழ்பவள் என்று நான் காட்டியிருந்த குழந்தையின் அடையாள எண் ஏற்கெனவே இன்னொருவர் கணக்கில் இருக்கிறதாம். அந்த இன்னொருவர் யார் என்று சொல்லவில்லை, அது அந்தரங்கம். சொல்லத் தேவையும் இல்லை. அந்த இன்னொருவருக்குப் பதினொரு வருஷம் டிபன் பாக்ஸ் கட்டியிருக்கிறேன்.

அமெரிக்காவில் நீங்கள் வளர்க்கும் குழந்தையை உங்கள் கணக்கில் காட்டலாம். வரி கொஞ்சம் குறையும். ஆனால் ஒரு குழந்தையை ஒருவர்தான் காட்ட முடியும். கணவனும் மனைவியும் சேர்ந்து இருக்கும்வரை இது யாருக்கும் தெரியவே தெரியாது. பிரிந்த பிறகு, யார் முதலில் பொத்தானை அழுத்துகிறாரோ அவருடைய குழந்தையாகிவிடுகிறது, அந்தக் கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை.

அவருக்குப் போன் செய்தேன்.

"பாப்பாவ நீங்க க்ளைம் பண்ணிட்டீங்களா?"

"ஆமா. சாஃப்ட்வேர் கேட்டுச்சு."

"என்ன கேட்டுச்சு?"

"குழந்தை எத்தனை மாசம் உங்க வீட்ல இருந்தாங்கன்னு கேட்டுச்சு. பன்னெண்டுன்னு போட்டேன்."

"பன்னெண்டா?"

"எல்லா பேப்பர்லயும் அப்படித்தானே இருக்கு."

எங்களுக்கு விவாகரத்தாகி அப்போது ஒன்றரை வருஷம். நான் அவரை 'நீங்க' என்பதும் அவர் என்னை 'நீ' என்பதும் மட்டும் அப்படியே இருந்தன. தீர்ப்பில் அதைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. முந்தின வருஷம் வரிக் கணக்கு போடுமுன் அவர் என்னைத்தான் கேட்டார். இந்த வருஷம் ஆபீஸில் யாரோ சாஃப்ட்வேர் கொடுத்துவிட்டார்கள், அதைக் கேட்டுவிட்டார்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஆனால் அவர் பொய் சொல்லவில்லை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். எல்லாத் தாள்களிலும் அப்படித்தான் இருந்தது. இருக்கும்படி செய்தவள் நான்.

ஃப்ரீமான்ட்டில் இந்தியர்கள் வீடு பார்க்கும்போது குளியலறை எத்தனை என்று கேட்பதற்கு முன்னால் எந்தப் பள்ளி எல்லைக்குள் வருகிறது என்று கேட்பார்கள். அங்கே வீட்டு முகவரியை வைத்துத்தான் அரசுப் பள்ளியில் இடம். நாங்களும் கேட்டோம். நல்ல பள்ளியின் எல்லைக்குள், தெருவின் சரியான பக்கத்தில், இரண்டு அறை அபார்ட்மென்ட் ஒன்று எடுத்தோம். எதிர்ப்பக்கத்தில் எடுத்திருந்தால் வாடகை இருநூறு டாலர் குறைவு, பள்ளியும் வேறு. பிரிந்தபோது அந்த வாடகை எனக்குக் கட்டுப்படியாகவில்லை. ஊரின் மறுபக்கம், ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், ஓர் அறை வீட்டுக்குப் போனேன். அவர் அங்கேயே தங்கினார். குழந்தையின் முகவரி மாறக் கூடாது என்பதுதான் காரணம். பிரிவில் நாங்கள் இருவரும் சண்டையில்லாமல் ஒத்துக்கொண்ட ஒரே விஷயம் அது.

தீர்ப்பில் குழந்தை ஆளுக்குப் பாதி என்று இருந்தது. மத்தியஸ்தம் செய்த அம்மாள் அப்படித்தான் எழுதுவது வழக்கம் என்றாள். நடப்பில் அவருக்குச் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் இந்தியாவோடு போன் மீட்டிங் தொடங்கும். சாப்பாடு, வீட்டுப்பாடம், குளியல் எல்லாம் அந்த நேரத்தில்தான். அதனால் குழந்தை என்னோடு. மாதம் இரண்டு சனி, ஞாயிறு அவரோடு. காலையில் நான்தான் ஊரைக் கடந்து பள்ளியில் விடுவேன். மாலையில் நான்தான் போய் அழைத்து வருவேன். இதை எழுதிக் கொடுக்க யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் எழுதியிருக்க மாட்டேன். எழுதினால் பள்ளி போய்விடும்.

என் அப்பா பாளையங்கோட்டையில் பத்திரப்பதிவு அலுவலகத்தில் குமாஸ்தா. தாளில் இல்லாதது நடக்கவே இல்லை என்பது எங்கள் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு ரத்தத்தில் ஊறியது. ஆகவே நான் வேலையை அரைகுறையாகச் செய்யவில்லை. பள்ளியில் அவர் முகவரி. குழந்தை டாக்டரிடம் அவர் முகவரி. பல் டாக்டரிடம், நூலக அட்டையில், வயலின் வகுப்பில், எல்லாவற்றிலும் அதே. என் வீட்டு வாடகைப் பத்திரத்தில், இங்கே வசிப்பவர் எத்தனை பேர் என்ற இடத்தில், ஒருவர் என்று போட்டேன். யாராவது எப்போதாவது எங்காவது தேடினால் அவள் பெயர் என் முகவரியோடு சேர்ந்து அகப்படக் கூடாது.

பள்ளி நிர்வாகம் ஆள் அனுப்பி வீடுகளைப் பார்க்கிறது என்று ஒரு பேச்சு பரவியது. உடனே அவர் வீட்டுக்குப் போய் அந்த இரண்டாவது அறையைத் தயார் செய்தேன். மீன் படம் போட்ட படுக்கை விரிப்பு. சுவரில் அவள் வரைந்த படங்கள். புது டூத் பிரஷ் வைத்தால் சந்தேகப்படுவார்கள் என்று அவள் தேய்ந்த பிரஷைக் கொண்டுபோய் வைத்தேன். படுக்கையைக் கொஞ்சம் கலைத்தும் விட்டேன். அவர் வாசலில் நின்று பார்த்துவிட்டு, "நாம சேர்ந்து இருந்தப்ப விட நல்லாருக்கே" என்றார். ஆள் நிஜமாகவே வந்தார், ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். பார்த்தார், குறித்துக்கொண்டார், போனார். வசிப்பிடம் சரிபார்க்கப்பட்டது என்று கடிதம் வந்தது. அதையும் துளை போட்டு என் கோப்பில் சேர்த்தேன். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

பிப்ரவரிக்கு வருகிறேன். கோபத்தில், கம்ப்யூட்டர் ஏற்காததைத் தாளில் அச்செடுத்து, குழந்தையை என் கணக்கிலேயே காட்டி, கையெழுத்துப் போட்டு, ரெஜிஸ்டர் தபாலில் அனுப்பினேன். உண்மை என் பக்கம் இருந்தது. அப்போது எனக்கு அது போதும் என்று தோன்றியது.

அக்டோபரில் கடிதம் வந்தது. ஒரே குழந்தையை இரண்டு பேர் காட்டியிருக்கிறீர்கள், முப்பது நாளில் ஆதாரம் அனுப்புங்கள் என்று. எவையெல்லாம் ஆதாரம் என்று ஒரு பட்டியலும் இணைத்திருந்தார்கள்: பள்ளிக் கடிதம், டாக்டர் கடிதம், வீட்டுக்காரர் கடிதம், வழிபாட்டு இடத்தின் போதகர் தரும் கடிதம். எல்லாவற்றிலும் குழந்தையின் பெயரும் முகவரியும் போன வருஷத்துத் தேதிகளும் இருக்க வேண்டும்.

அதே நாள் சாயங்காலம் அவர் போன் செய்தார்.

"எனக்கும் லெட்டர் வந்திருக்கு."

"வரும்."

"ஸ்கூல் லெட்டர், டாக்டர் பேப்பர் எல்லாம் கேக்கறாங்க."

"ஆமா."

"அதெல்லாம் உன்கிட்டதானே இருக்கும்?"

இதில் கிண்டல் எதுவும் இல்லை. அவர் கல்யாணமான நாளிலிருந்து தன் பாஸ்போர்ட்டையே என்னிடம் கேட்டுத்தான் வாங்கிக்கொண்டவர். எனக்கு எதிரான ஆதாரத்தை என்னிடமே கேட்கிறோம் என்பது தோன்றாத மனிதர், அவ்வளவுதான். பார்த்துச் சொல்கிறேன் என்று போனை வைத்தேன். அப்புறம் கோப்பை எடுத்துச் சாப்பாட்டு மேசையில் பரப்பினேன்.

நல்ல கோப்பு. வருஷவாரியாக, நிற அட்டைகளோடு. ஒன்பது வயதுப் பெண் ஒருத்தி அவர் வீட்டில்தான் வாழ்கிறாள் என்பதை இதைவிடச் சுத்தமாக யாரும் நிரூபிக்க முடியாது. தடுப்பூசி அட்டை வரைக்கும் ஒரு ஓட்டை இல்லை. அவள் அப்போது அதே மேசையின் மறுமுனையில் பின்னக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். அவள் தலையில் நான் காலையில் பின்னிய பின்னல். என்னுடைய ஓர் அறை வீட்டில் அவள் செருப்பு, அவள் ஈரத் துண்டு, அவள் தின்று வைத்த ஆப்பிளின் நடுப்பகுதி. எதுவும் பட்டியலில் இல்லை. நான் அழுதேன். சத்தம் வராமல் அழுவது எனக்குப் பழக்கம்தான். அவள் கணக்கிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

பணத்துக்காக இல்லை என்று சொன்னால் பொய். பணமும்தான், அந்தப் பணம் எனக்கு இரண்டு மாத வாடகை. ஆனால் அவள் என்னோடு இருக்கிறாள் என்று இந்த நாட்டில் ஒரு தாளாவது சொல்ல வேண்டும் என்ற ஆசை அன்றைக்குத்தான் வந்தது. வந்தபின் போகவில்லை.

பட்டியலில் போதகர் கடிதம் என்று ஒன்று இருந்ததல்லவா. எங்கள் தமிழ்ச் சபை ஞாயிறு பிற்பகலில் ஒரு அமெரிக்கச் சபையின் கட்டடத்தை வாடகைக்கு எடுத்து ஆராதனை நடத்தியது. அங்கே நாங்கள் விவாகரத்து ஆனவர்கள் இல்லை. யாரிடமும் சொல்லவில்லை. ஒரே வரிசையில் உட்காருவோம், குழந்தை நடுவில். இரண்டு காரில் ஏன் வருகிறீர்கள் என்று ஒரு ஆன்ட்டி கேட்டபோது, அவர் ஆபீஸிலிருந்து நேராக வருகிறார் என்றேன். ஞாயிற்றுக்கிழமையா என்று ஆன்ட்டி கேட்கவில்லை. ஃப்ரீமான்ட்டில் அது நம்பக்கூடியதுதான்.

ஆராதனை முடிந்ததும் பாஸ்டரைத் தனியாகப் பார்த்தேன்.

"பாஸ்டர், டாக்ஸுக்கு ஒரு லெட்டர் வேணும். பாப்பா எங்க இருக்கான்னு."

"அதுக்கென்ன சிஸ்டர், தாராளமா. என்ன எழுதணும்?"

என்ன எழுத வேண்டும் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். வாய் வரைக்கும் வந்தது. பின்னால் இரண்டு ஆன்ட்டிகள் சமோசாத் தட்டை மூடிக்கொண்டிருந்தார்கள்.

"அட்ரஸ்..." என்றேன்.

"அட்ரஸ்தான் நம்ம டைரக்டரில இருக்கே" என்று சபைக் குடும்பங்களின் விவரப் புத்தகத்தைப் புரட்டினார். எங்கள் மூவர் படம், அதற்குக் கீழே குழந்தையின் அப்பா முகவரி. அங்கேயே லெட்டர்ஹெட்டில் எழுதினார். இந்தக் குழந்தை தன் தாய் தகப்பனோடு இந்த முகவரியில் தேவபயத்தோடு வாழ்ந்துவருகிறது என்று எழுதி, முத்திரையும் வைத்தார். பிறகு என் தலைமேல் கை வைத்து எங்கள் குடும்பத்துக்காக ஜெபித்தார். ஆமென் சொன்னேன். வெட்கமாக இருந்தது. காரில் உட்கார்ந்து அந்தக் கடிதத்தை இன்னொருமுறை படித்துவிட்டு, மடிக்காமல் உறையில் வைத்தேன். கோப்பில் அவர் பக்கத்துக்கு இன்னொரு சாட்சி.

மௌரி அவென்யூவில் இந்திய மளிகைக் கடைக்குப் பின்னால் ஒரு சின்ன அறையில் காயல்பட்டினத்துக்காரர் ஒருவர் இருந்தார். எல்லோருக்கும் பாய். ஜனவரி முதல் ஏப்ரல் வரை வரிக் கணக்கு போடுவார், மற்ற மாதங்களில் விமான டிக்கெட். வாசலில் பலகையைத் திருப்பிப் போட்டால் போதும். நான் போனது பலகை டிக்கெட் பக்கம் திரும்பியிருந்த நாளில். வாடிக்கையாளர் நாற்காலியில் விமானக் கம்பெனிக் காலண்டர்கள் குவிந்திருந்தன. எடுத்துத் தரையில் வைத்துவிட்டு உட்காரச் சொன்னார்.

முழுவதும் சொன்னேன். பாஸ்டரிடம் சொல்லாததை எல்லாம் சொன்னேன். அவர் என் கோப்பை முதலிலிருந்து கடைசிவரை ஒரு தாள் விடாமல் பார்த்தார்.

"யாரும்மா இதெல்லாம் வெச்சது?"

"நான்தான்."

"நல்லா வெச்சிருக்கீங்க" என்றார் வருத்தத்தோடு.

பிறகு விளக்கினார். தீர்ப்பில் பாதிப் பாதி என்றால், வருஷத்தில் பாதிக்கு மேல் குழந்தை யாரோடு இருந்தது என்றுதான் பார்ப்பார்கள். சட்டப்படி குழந்தை என்னுடைய கணக்குக்குத்தான் வரவேண்டும். ஆனால் சட்டத்தை உறையில் போட்டு அனுப்ப முடியாது.

"நான் வீட்டு மேனேஜர்கிட்ட லெட்டர் கேட்டா?" என்றேன்.

"லீஸ்ல ஒரு ஆள்னு போட்டிருக்கீங்க. இப்ப மாத்தினாலும் போன வருஷத்துக்கு ஆகாது. பக்கத்து வீட்டுக்காரங்க எழுதித் தரலாம். அது ரொம்ப வீக்."

"ஸ்கூல்ல அட்டெண்டன்ஸ் ஆபீஸ்ல தினமும் நான்தான் கையெழுத்து போட்டு கூட்டிட்டு வரேன்."

"அங்க போய் என்ன கேப்பீங்க? இவ என் வீட்லதான் இருக்கான்னு எழுதித் தாங்கன்னா?"

அவர் கோப்பை மூடி என் பக்கம் தள்ளினார்.

"டாக்ஸ் ஆபீஸ் போய் ஸ்கூலுக்குச் சொல்லாதும்மா. நீங்க பேப்பர் கேட்டு அலையறதுதான் சொல்லும். ஜெயிக்கலாம். ஜெயிச்சா ஸ்கூல் போயிடும். ரெண்டு பேரும் அங்க கையெழுத்து போட்டிருக்கீங்க இல்ல, பொய் சொன்னா குத்தம்னு எழுதின தாள்ல?"

போட்டிருந்தோம். நான் நீல மையில், அவர் கறுப்பு மையில். இரண்டு நாள் யோசிக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

பள்ளியை மாற்றினால்தான் என்ன என்று எனக்குள் ஒரு பிடிவாதம் வந்தது. என் வீட்டுக்குப் பக்கத்திலும் பள்ளி இருக்கிறது, அங்கேயும் குழந்தைகள் படித்து ஆளாகிறார்கள். அதில் சேர்த்துவிட்டால் டாக்டர், நூலகம், சபை எல்லாவற்றிலும் ஒரே நாளில் முகவரியை மாற்றிவிடலாம். அடுத்த வருஷத்துக்காவது தாள் இருக்கும். மறுநாள் காரில் மெல்லக் கேட்டேன்.

"வேற ஸ்கூல் போறியாம்மா? நம்ம வீட்டுப் பக்கத்துல?"

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். முதல் வகுப்பு முழுவதும் யாரிடமும் வாயே திறக்காத குழந்தை அவள். ஊமையா என்று கேட்டவர்கள் உண்டு. இந்தப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு டீச்சர் ஒருத்தி எட்டு மாதம் பொறுமையாக உட்கார்ந்து அவளைப் பேசவைத்தாள்.

"வொய்?" என்றாள். "டிட் ஐ டூ சம்திங்?"

"இல்லடா. சும்மா கேட்டேன்."

"ஓகே."

அதோடு அந்தப் பிடிவாதம் முடிந்தது. எனக்குத் தாள் வேண்டும் என்பதற்காக அவள் வாயை மறுபடி மூடவைக்க எனக்கு மனமில்லை. மறுநாள் பாயிடம் போய், அவரே காட்டிக்கொள்ளட்டும், என்ன செய்ய வேண்டும் என்று கேட்டேன். வருத்தப்படுவார் என்று நினைத்தேன். அவர் கம்ப்யூட்டரில் ஏதோ தேடி ஒரு படிவத்தை அச்செடுத்தார்.

ஒரே பக்கம்தான். பிரிந்த பெற்றோரில் குழந்தை யாரோடு வாழ்கிறதோ அவர், இந்த வருஷம் குழந்தையை நான் காட்டிக்கொள்ளவில்லை, மற்றவர் காட்டிக்கொள்ளட்டும் என்று எழுதிக் கொடுக்கும் படிவம். மேலே, குழந்தை தன்னோடு வாழாத பெற்றோரின் பெயர். கீழே, குழந்தை தன்னோடு வாழும் பெற்றோரின் கையெழுத்து.

"இத அவர் தன் பேப்பரோட வெச்சு அனுப்பினா போதும். நீங்க உங்க கணக்கத் திருத்தி அனுப்பணும், நான் போட்டுத் தரேன். பாப்பா உங்ககூடதான் இருக்கான்னு அவரே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். வீட்டுத் தலைவர்னு தனியா ஒரு சலுகை இருக்கு பாருங்க, அது உங்களுக்கே. அத எழுதிக் குடுக்க முடியாது."

என் வாழ்க்கையில் முதல்முறையாக நான் ஒரு வீட்டுக்குத் தலைவர் என்று ஒருவர் சொன்னார், அதுவும் விமானக் காலண்டர்களுக்கு நடுவில். ஆனால் என் கண் படிவத்திலேயே இருந்தது.

"பாய், இதுல அட்ரஸ் எங்க எழுதணும்?"

"அட்ரஸ் கேக்கல."

மறுபடி பார்த்தேன். பெயர், எண், கையெழுத்து, தேதி. முகவரி என்று ஒரு கட்டம் இல்லவே இல்லை.

அடுத்த சனிக்கிழமை காலை குழந்தையை அவர் வீட்டில் விடும்போது படிவத்தையும் கொண்டுபோனேன். அவள் உள்ளே டிவிக்குப் போய்விட்டாள். சமையலறை மேடையில் வைத்து அவரிடம் சொன்னேன்: பாப்பா உங்களுக்கு, நீங்கள் மேலே பெயர் எழுதுங்கள், நான் கீழே போடுகிறேன். பணம் கிடைக்கிற சந்தோஷத்தை அவர் முகத்தில் எதிர்பார்த்தேன். அவர் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். வேலை விஷயம் தவிர எதையும் அவ்வளவு மெதுவாக அவர் படித்து நான் பார்த்ததில்லை.

"இதுல என் பேர் மேல வருதே. குழந்தை கூட இல்லாத அப்பான்னு."

"ஆமா."

"நான் இதுல பேர் எழுதினா, அவ என்கூட இல்லன்னு நானே சொன்ன மாதிரி ஆயிடாதா?"

"இல்லதானே?"

அவர் படிவத்தை மேடையில் வைத்தார். நான் சண்டைக்குத் தயாராக இருந்தேன். எட்டு மாதமாக மனசுக்குள் ஒத்திகை பார்த்த வசனங்கள் இருந்தன.

"ரெண்டு ரூம் வாடகை ஏன் குடுக்கறன்னு ஆபீஸ்ல கேப்பாங்க" என்றார். "பொண்ணு இருக்கான்னு சொல்வேன். சாஃப்ட்வேர் கேட்டப்பவும் அதான் சொன்னேன். பன்னெண்டு மாசம்னு போடும்போது நல்லாருந்துச்சு."

அதுவரை அவர் பணத்துக்காகச் செய்தார் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். நான் போட்ட மீன் படுக்கை விரிப்பைத் தாண்டித்தான் அவர் தினமும் தன் அறைக்குப் போகிறார் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. அவர்மேல் இரக்கம் வந்தது. வந்ததற்காக என்மேல் எரிச்சலும் வந்தது. எனக்கு வேண்டியதும் அவருக்கு வேண்டியதும் ஒரே தாள், ஒருவருக்குத்தான் கிடைக்கும்.

"பேனா இருக்கா?" என்றேன்.

கொண்டுவந்தார். மேலே தன் பெயரை எழுதினார். நான் கையெழுத்துப் போடக் குனிந்தபோது அவர் கீழ்ப் பகுதியைக் காட்டினார். இந்த ஒரு வருஷத்துக்கா, வரப்போகும் எல்லா வருஷங்களுக்கும் சேர்த்தா என்று படிவத்தில் இரண்டு பகுதிகள் இருந்தன.

"எல்லா வருஷத்துக்கும் போட்டுடேன். தொல்லை விட்டுது."

"இல்ல. இந்த வருஷம் மட்டும்."

"அப்ப அடுத்த வருஷம்?"

"வந்து கேளுங்க. போட்டுத் தரேன்."

"ஒவ்வொரு வருஷமுமா?"

"ஒவ்வொரு வருஷமும்."

அவரைக் கெஞ்சவைக்கிறேன் என்று அவர் நினைத்திருக்கலாம். சொல்லி விளக்க எனக்குத் தெம்பில்லை. மேல் பகுதியில் மட்டும், குழந்தை தன்னோடு வாழும் பெற்றோர் என்ற வரிக்கு மேலே, என் முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவரிடம் உடனே கொடுக்கவில்லை. நகல் எடுத்துக்கொண்டு சாயங்காலம் தருகிறேன் என்று எடுத்துவந்து, கடைக்குப் போய் ஒரு நகல் எடுத்தேன். மையை அதிகம் வைக்கச் சொன்னேன்.

அடுத்த வருஷம் ஜனவரியில் அவர் கேட்டார், போட்டுக் கொடுத்தேன். அதற்கடுத்த இரண்டு வருஷங்களும் கேட்டார். 2009 கோடையில் அவர் வேலை மாறி டெக்ஸாஸுக்கு, ரவுண்ட் ராக்குக்குப் போனார். அவள் ஏழாம் வகுப்புக்கு வேறு பள்ளி மாறும் நேரம் அது. அந்தப் பள்ளிக்கு என் முகவரியே போதுமாக இருந்தது. அதன்பிறகு அவர் கேட்கவில்லை, நானே காட்டிக்கொண்டேன், யாரும் கடிதம் போடவில்லை.

அவள் சின்னப் பெண்ணாக இருந்த அந்த வருஷங்களுக்கு என் கோப்பில் இருப்பது நான்கு நகல்கள். பின்னல் பின்னிவிட்டு ஊரைக் கடந்து கொண்டுபோய் விட்ட காலம் முழுவதற்கும், அவள் என்னோடுதான் வாழ்ந்தாள் என்று சொல்லும் அரசாங்கத் தாள்கள் அவ்வளவுதான். நான்கிலும் நான் அவளை விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.